வர்ணமும் அடிப்பூச்சும்

(திருப்பணிக் குழுவினர் கூட்டிய அன்பர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புராணமும் பதிகமும் பேசத்தக்க மேடையிலே பெயிண்ட் அடிப்பவன் ஒருவனை நிறுத்தியிருக்கிறீர்கள். எனக்கு முன்னர்ப் பேசிய பெரியவர் கோபுர தரிசனத்தின் மகிமையை விரித்துரைத்தார். அந்தச் சுவையை என் பேச்சில் எதிர்பார்க்க வேண்டா. ஆயினும் ஒரு காரணம் பற்றி இவ்வாய்ப்பை விரும்பி ஏற்றுக்கொண்டேன்.

வாகன மண்டபத்திலே ரிஷபமும் சிம்மமும் குதிரையும் பல நாள்களாகச் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. நாள்தோறும் கோயிலுக்கு வரும் அன்பர்கள் எட்டிப் பார்த்துவிட்டு முகம் வாடிப் போகிறார்கள். சென்ற வெள்ளியன்று ஒரு மூதாட்டி, “ஏனப்பா, கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று, சுவாமி விபூதி பூசிய குதிரை மேலேயா வருவார்?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த அம்மையார் கேட்டது சிரிப்புக்குரிய கேள்வியன்று. பணம் கொடுத்தவர்கள் யாவரும் அதையே மனத்தில் வைத்துக்கொண்டு வாய்திறவாமல் இருக்கிறார்கள். அதற்கு மறுமொழி சொல்லவே வந்தேன்.

நாம் செய்யவிருக்கும் கும்பாபிஷேகத்திற்கு அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம் என்று பத்திரிகையில் அச்சிட்டிருக்கிறோம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டையும் இடித்து இடித்துப் பக்குவம் செய்து மூர்த்தியின் திருவடிக்கும் பீடத்துக்கும் இடையே சாத்துகிறார்கள். எத்தனையோ நாழிகை உலக்கை போடுகிறார்கள். கும்பாபிஷேகம் முடிந்த பிறகு அந்த மருந்தை எவர் கண் காண்கிறது? அலங்காரத்தில் அது தெரிவதே இல்லை. அதற்காக இடிப்பதைக் குறைத்துக்கொள்வாரும் இல்லை. அவ்வெட்டுப் பொருள்களிலே அரக்கும் சுக்கான் தூளும் எங்கள் தொழிலுக்கும் உறவானவை. தஞ்சாவூர்ப் படம் எழுதுகிறவர்கள் பலாப் பலகையின்மேல் துணி ஒட்டி, அதன்மேல் சுக்கான் தூளையும் பசையையும் குழைத்துப் பூசி, காய்ந்தபின் வழவழவென்று தேய்த்தெடுத்த பிறகே கோடு போடத் தொடங்குவார்கள். அந்த வெள்ளைத் தளத்தைத்தான் இக்காலத்து டப்பாவின்மேல் ‘பிரைமர்’ என்று அச்சிட்டு விற்கிறார்கள். தமிழில் அடிப்பூச்சு என்போம்.

பழைய காலத்துச் சுவர் ஓவியங்களும் இங்ஙனமே. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்வழியிலே, நாயக்கர் காலத்து ஓவியம் உதிர்ந்த இடங்களில் அதனடியில் சோழர் காலத்து ஓவியம் இருப்பதை 1931-ஆம் ஆண்டில் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டு உலகுக்கு அறிவித்தார். அடியில் இருந்தது ஈரச் சுண்ணாம்பிலேயே வர்ணத்தை ஏற்றி, சுண்ணாம்பு காற்றுப்பட்டு இறுகும்போது வர்ணமும் அதனோடு கல்லாக இறுகும்படி செய்த வேலை. மேலே இருந்தது, முன்னமே வழவழப்பாக இருந்த ஓவியத்தின்மேல் புதுச் சாந்து பூசி எழுதியது. ஏறத்தாழ 1,000 ஆண்டு கண்டது நிற்க, பின்னர் வந்தது உதிர்ந்தது ஏன் என்று ஆராய்ச்சியாளர் பல காரணம் சொல்லக் கூடும். பெயிண்ட் அடிப்பவன் கண்ணுக்கு ஒரு காரணம் போதும்: வழவழப்பின்மேல் எதுவும் பிடிக்காது. சுரண்டிச் சொரசொரப்பாக்கிய பரப்பே அடுத்த பூச்சைப் பற்றிக்கொள்ளும். அத்தனை தொலைவு போக இயலாதவர்கள் நம் மாவட்டத்திலேயே அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலுக்குப் போய் மண்டப விதானத்தை அண்ணாந்து பார்க்கலாம். வர்ணம் நிற்கும் இடமும் சாந்தோடு பெயர்ந்துவிட்ட இடமும் அடுத்தடுத்துத் தெரியும். எனக்கு அவ்விதானம் ஒரு பாடப் புத்தகம்.

இனி நம் குதிரைக்கு வருவோம். பழைய எனாமல் ஐந்தாறு சுற்று ஏறி, கண் இமையும் மூக்குத் துவாரமும் தூர்ந்துபோன நிலையில் அது எங்கள் கைக்கு வந்தது. முழுவதையும் சுரண்டி மரத்தைக் கண்டோம். மரம் தாகம் உடையது. அதன்மேல் நேரே வர்ணம் அடித்தால் எண்ணெய்ப் பசையை ஓரிடத்தில் மிகுதியாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் குடித்துவிடும்; காய்ந்தபின் திட்டுத் திட்டாக மங்கும். கணு இருக்கும் இடத்தில் பிசின் கசிந்து மஞ்சள் பூக்கும். ஆகவே 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180 என்று ஏறிச் சென்று, நார் ஓடும் திசையிலேயே தேய்த்தோம். கணுக்களின்மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தடவினோம். பிறகு தூசு துடைத்து மரத்துக்குரிய பிரைமர் ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகே மரத்தின் குற்றங்கள் வெளியே வந்தன. பிடரியில் ஒரு வெடிப்பு, வலத் தொடையில் உளிக் காயம், மார்பில் யாரோ அடித்த ஆணியின் துளை! இவற்றைப் பட்டி வைத்து அடைத்தோம். பட்டியை ஒரே தடவையில் கனமாக அப்புவது அவசரக்காரன் வேலை. மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருந்து, பின்னர் அமுங்கிக் குழியாகிவிடும். மெல்லியதாக வைத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடியும் வைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் மீண்டும் பிரைமர் இரண்டு பூச்சு.

அதன் பிறகு செய்ததைக் கண்டுதான் சிலர் திகைத்தார்கள். நன்றாகச் சாம்பல் நிறம் ஏறிய குதிரையின்மேல் கறுப்பு வர்ணத்தைப் பனி போலத் தூவிவிட்டோம். இது கெடுத்ததன்று, சோதனை. 320 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, தக்கைக் கட்டையில் சுற்றித் தேய்க்கும்போது மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் மட்டும் புள்ளியாக நிற்கும். எங்கே கறுப்பு நிற்கிறதோ அங்கே இன்னும் பட்டி வேண்டும். கண் ஏமாறும். கையும் வெளிச்சத்தில் ஏமாறும். என் குரு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்பார்; அதுவும் இடக்கையால். வலக்கை உழைத்துக் காய்த்துப்போயிருக்கும், இடக்கைக்குத்தான் உணர்ச்சி அதிகம் என்பது அவர் சித்தாந்தம். நானும் அவ்வாறே செய்து வருகிறேன், தவறியதில்லை.

‘இத்தனை நுட்பம் எதற்கு? சுவாமி வீதியுலா வருவது இரவில்தானே?’ என்று கேட்கலாம். தீவட்டி வெளிச்சத்தில் வாகனம் போன காலத்தில் இக்கேள்வி நியாயம். ஆடும் சுடரின் மஞ்சள் ஒளி குற்றத்தை மறைக்கும். இப்போதோ ஜெனரேட்டர் வண்டி பின்னே வர, வெள்ளை விளக்குகள் பக்கவாட்டில் பாய்கின்றன. பளபளப்பான பரப்பு கண்ணாடியைப் போன்றது. மங்கலான வர்ணத்தில் ஒளிந்துகொள்ளும் ஒரு நூல் பள்ளம், பளபளப்பில் ஊரறியத் தெரியும். மேலே பளபளப்பு கூடக் கூட அடியில் வேலையும் கூட வேண்டியிருக்கிறது.

வர்ணத்தைத் தூரிகையால் அடிக்காமல் காற்றால் பீய்ச்சுவது ஏன் என்றும் சிலர் வினவினார்கள். தூரிகை கோடு விடும்; காற்று விடாது. இம்முறை வந்த வரலாறு சுவையானது. 1893-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில், எண்ணற்ற மாளிகைகளைக் குறித்த நாளுக்குள் வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. ஆளைக் கொண்டு முடியாதென்று கண்டு, அழுத்திய காற்றால் குழாய் வழியே வர்ணத்தைப் பீய்ச்சினார்கள். பிரான்சிஸ் மில்லெட் என்னும் ஓவியர் அந்த வேலையை நடத்தினார். அப்பொருட்காட்சியை ஒட்டிக் கூடிய சர்வ சமயப் பேரவையில்தான் சுவாமி விவேகானந்தர் பேசினார் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. பிறகு, தொண்டைக்கு மருந்து தெளிக்கும் கருவியைச் செய்த டிவில்பிஸ் என்னும் அமெரிக்க வைத்தியரின் மகன், அதே தத்துவத்தைக் கொண்டு வர்ணத் துப்பாக்கியை உருவாக்கினார். 1923-ல் டூபாண்ட் கம்பெனியாரின் ‘டூக்கோ’ மோட்டார் வண்டிகளுக்கு வந்தது. வாரக் கணக்கில் காய வேண்டிய வண்டி மணிக் கணக்கில் காய்ந்தது. அந்தக் கம்பெனியின் பெயரை அறியாதவர்களும் நம் பட்டறைகளில் இன்றும் ‘டூக்கோ அடிப்பது’ என்றே சொல்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் கைக்கடக்கமான ஸ்ப்ரே டப்பா 1949-ல் எட்வர்டு சீமோர் என்பவர் கண்டது. சிறு பொருளுக்கு அது போதும், வாகனத்துக்குப் போதாது.

துப்பாக்கியைப் பிடிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். கற்க விரும்பும் இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். வர்ணத்தைத் தின்னர் கலந்து இளக்கி, வடிகட்டி, அளவுக் கிண்ணத்தில் ஊற்றினால் ஏறக்குறைய 20 விநாடியில் ஒழுகி முடிய வேண்டும். சரியான கணக்கு அந்தந்த டப்பாவின்மேல் இருக்கும். கம்ப்ரஸரின் அடியில் தேங்கும் தண்ணீரைக் காலையில் திறந்து விட்டுவிட வேண்டும். மறந்தால் நீர்த்துளி வர்ணத்தோடு வந்து கொப்புளமாகும். துப்பாக்கி முனைக்கும் பொருளுக்கும் 6 முதல் 8 அங்குலம், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. கிட்டப் போனால் வழியும். எட்டப் போனால் வர்ணம் நடுவழியிலேயே காய்ந்து பொடியாக உட்காரும். பங்குனி, சித்திரையில் நம் மாரண்டஹள்ளிக் காற்றுக்கு இது சாதாரணம். மணிக்கட்டை விசிறி போல ஆட்டக் கூடாது. தோளிலிருந்து கை முழுவதும் பொருளுக்கு இணையாகச் செல்ல வேண்டும். விளிம்புக்கு முன்னரே விசையை அழுத்தி, விளிம்பைத் தாண்டியபின் விட வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடிச் செல்ல வேண்டும். முதற்பூச்சு பனி, அது சற்று இறுகியபின் அடுத்தது. ஒரே பூச்சில் நிறத்தைக் கண்டுவிட வேண்டும் என்று ஆசைப்படுபவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கவே கூடாது. பரப்பில் எண்ணெய் விரல் பட்டிருந்தால் அந்த இடத்தில் வர்ணம் விலகி மீன்கண் போலத் துளை விழும். கோயிலில் எண்ணெய் படாத விரல் எது? ஆகையினாலேதான் மண்டபத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறோம். அன்பர்கள் அதைக் குறையாக எண்ணலாகாது.

இவ்வளவும் சொல்லுகிற நான் ஒரு பிழை செய்தவன். அதை இம்மேடையில் மறைப்பது தகாது. லாரிக்குப் பாடி கட்டும் ஊர்ப்பக்கம் தொழில் கற்று, கை தேர்ந்துவிட்டதென்ற செருக்கோடு முதன்முதலாக ஒரு கோயில் குதிரை வாகனத்தை ஒப்புக்கொண்டேன். ஊர் வேறு, பெயர் வேண்டா. ஐப்பசி மாதம், விடாத தூறல். விழாவுக்கு ஆறு நாள் இருந்தது. கோயிலார் அவசரப்படுத்தினார்கள் என்று பிற்காலத்தில் பலரிடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ‘நாள் போதாது, இவ்வாண்டு பழைய வர்ணத்திலேயே புறப்படட்டும்’ என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. கூலியும் வேண்டியிருந்தது. பழைய எனாமலைச் சுரண்டாமல் மேலோடு மேல் தேய்த்து, பிரைமர் காயுமுன் வெள்ளையைப் பீய்ச்சினேன். டூக்கோ வகையில் தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்புக் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அக்குளிரில் பனி படிந்து வர்ணம் பால் போல வெளுத்துவிடும். வெள்ளைக் குதிரையாகையால் வெளுப்பு ஒருவர்க்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

பரிவேட்டையன்று சுவாமி எழுந்தருளினார். நான்காவது வீதித் திருப்பத்தில் சீர்பாதம் தாங்குவோர் தோள் மாற்றியபோது, குதிரையின் கழுத்திலிருந்து உள்ளங்கையளவு வர்ணம் பட்டையாகப் பெயர்ந்து ஒரு பெரியவரின் தோளில் விழுந்தது. கூட்டம் ஒரு கணம் நின்றது. அபசகுனம் என்றார் ஒருவர். இவ்வாண்டு ஊருக்கு ஏதோ குறை என்றார் மற்றொருவர். பரிகாரம் செய்ய வேண்டுமென்று அன்றிரவே பேசத் தலைப்பட்டார்கள். நான் அக்கூட்டத்தில்தான் நின்றேன். ‘தெய்வக் குற்றமன்று, பிரைமர் குற்றம், அதுவும் என் குற்றம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பரிகாரத்திற்கு ஏழை எளியவர்களும் காசு போட்டார்கள். அடுத்த ஆண்டு கூலி வாங்காமல் அந்த வாகனத்தை மரம் தெரியச் சுரண்டிச் செய்து கொடுத்தேன். ஏன் கூலி வாங்கவில்லை என்பதை அப்போதும் சொல்லவில்லை. இன்றுதான் ஒரு மேடையில் சொல்லுகிறேன்.

ஆதலால் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். ராஜகோபுரச் சுதை வேலை சென்ற மாதம்தான் முடிந்தது. சுண்ணாம்பும் சிமெண்டும் காரம் உடையவை. ஈரமும் காரமும் அடங்குமுன் எண்ணெய் கலந்த எனாமலை அதன்மேல் அடித்தால், காரம் அவ்வெண்ணெயைச் சவுக்காரமாக்கிவிடும். சவுக்காரம் மழையில் என்ன ஆகும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்! சிமெண்டுப் பூச்சுக்கு 28 நாளாவது ஆற வேண்டும். சுண்ணாம்பு வேலைக்கு அதனினும் மிகுதியான காலம் வேண்டும். பிறகு காரத்தைத் தாங்கும் பிரைமர். அதன்மேல் எமல்ஷன் வகை. எனாமல் வேண்டா. சுதைக்குத் துப்பாக்கியும் முழு உதவி செய்யாது. மடிப்பிலும் குழியிலும் காற்று மோதித் திரும்பிவிடும். வர்ணம் உள்ளே சேராது. அங்கே தூரிகைதான். கண் எழுதுவதோ எக்காலத்திலும் கையாலும் மெல்லிய தூரிகையாலும் செய்வது. அது ஸ்தபதியின் உரிமை, அடியேன் அருகிலும் போக மாட்டேன். ‘மழைக்குமுன் கும்பாபிஷேகம்’ என்று நாள் குறித்திருக்கிறீர்கள். மேல்நிலைகள் இரண்டும் அதற்குள் ஆறிவிடும். கீழ்நிலை ஆறாது. கீழ்நிலையைக் கும்பாபிஷேகத்தன்று வெறும் வெள்ளையாகவே விட்டு, மண்டலாபிஷேகம் நிறைந்த பிறகு வர்ணம் ஏற்றலாம் என்பது என் அபிப்பிராயம். பத்திரிகையாளர் எடுக்கும் படத்தில் சற்றுக் குறையாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

கருங்கல் தூண்களுக்கும் பளபளப்பு ஏற்ற வேண்டுமென்று நன்கொடையாளர் ஒருவர் அன்போடு முன்வந்தார். அவர்களை வணங்கி வேண்டாமென்கிறேன். கல் மூச்சு விடுவது. எண்ணெய் வர்ணம் அதன் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். எழுத்திருந்தால் எழுத்தும் தூர்ந்துபோம். அங்ஙனம் ஏறிய வர்ணத்தை அகற்ற மணலைப் பீய்ச்சித் தேய்க்கும் முறை ஒன்று பல கோயில்களில் கையாளப்பட்டு, சிற்பத்தின் நுணுக்கமும் கல்வெட்டெழுத்தும் தேய்வது கண்டு கூடாதென்று விலக்கப்பட்டது. அத்தொகையை இரும்புக் கிராதிகளுக்குத் திருப்பிவிடலாம். துருவைக் கம்பித் தூரிகையால் போக்கி, ரெட் ஆக்சைடு அடித்து, துப்பாக்கியால் எனாமல் ஏற்றினால் அவை நெடுங்காலம் உழைக்கும்.

இரண்டு எச்சரிக்கை. தின்னர் ஆவி தீயைத் தேடிச் செல்வது. வாகன மண்டபத்துக்குப் பக்கத்திலே விளக்கேற்றுவதையும் கர்ப்பூரம் கொளுத்துவதையும் வேலை நாள்களில் நிறுத்தி வையுங்கள், சந்நிதியில் ஏற்றலாம். பீய்ச்சும் நேரத்தில் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வர வேண்டா. முகமூடி இல்லாமல் வேலை செய்யும் பையனை நீங்களே கண்டியுங்கள். நான் சொல்வதை அவர்கள் கேட்பதில்லை. வீடுகளுக்கும் அலங்காரத்துக்கும் ஆன வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாதென்று 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. டப்பாவில் அக்குறிப்பைப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். வாகனத்தைத் தொட்ட கையால்தானே பிரசாதம் வாங்குகிறோம்.

உபயம் பற்றி ஒரு சொல். தங்க ரேக்குக்கு மூவரும், குதிரையின் வெள்ளைக்கு ஒருவரும், சிம்மத்தின் மஞ்சளுக்கு இரு குடும்பத்தாரும் முன்வந்திருக்கிறார்கள். பிரைமருக்கும் உப்புத்தாளுக்கும் பட்டிக்கும் இதுவரை ஒருவரும் இல்லை. குறை சொல்லவில்லை, டியூப் லைட்டின்மேல்கூட உபயம் என்று பெயர் எழுதலாம், பிரைமரின்மேல் எழுதினால் மறுநாள் வர்ணத்தில் மறைந்துவிடும். மொத்தச் செலவில் ஏறத்தாழ பாதி இந்தக் கணக்கில்தான் போகிறது என்பதை மட்டும் கணக்கர் அவர்கள் முன்னிலையில் தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஞாயிறு காலை, வெயில் ஏறி ஈரம் அடங்கியபின், 10 மணி அளவில் குதிரைக்குக் கடைசித் தேய்ப்பு நடக்கும். விருப்பமுள்ளவர்கள் வரலாம். கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தால், கயிற்றுக்கு உள்ளே அழைத்துச் சென்று ஒவ்வொருவரையும் கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் செய்கிறேன். எங்கேனும் விரல் தட்டினால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, மறுபடியும் பட்டி வைப்போம். விபூதிக் குதிரை என்று கேட்ட அம்மையார் முதலில் வர வேண்டும்.